‘மக்களே, இன்னைக்கு கரண்டு வைக்கல்லியா?’

கேள்வி: நான் பி.பி.டி. முடித்து மூன்று வருடம் ஆகிறது. ஒன்றரை வருடமாகக் கருங்கல் பக்கத்தில் சின்னதாக ஒரு பிசியோதெரபி க்ளினிக் நடத்துகிறேன். கல்லூரியில் சான்று அடிப்படையிலான சிகிச்சை பற்றி நிறையச் சொல்லித் தந்தார்கள். இப்போதும் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படிக்கிறேன். ஒலி அலை கொடுக்கும் அல்ட்ராசவுண்ட், மின்சாரம் வைக்கும் ஐ.எஃப்.டி. மாதிரி வலி மெஷின்களால் பெரிய பலன் இல்லை, உடற்பயிற்சிதான் முக்கியம் என்று அவற்றில் இருக்கிறது. ஆனால் டாக்டர்கள் எழுதி அனுப்பும் சீட்டில் ‘ஐ.எஃப்.டி., அல்ட்ராசவுண்ட், 10 நாள்’ என்றுதான் இருக்கிறது. வருகிறவர்களும் ‘கரண்டு’ வைக்கத்தான் வருகிறார்கள். பயிற்சி சொல்லிக் கொடுத்தால், “இருந்து எழும்புறதுக்கு எதுக்கு ரூபா?” என்று கேட்கிறார்கள்; மூன்றாம் நாள் வருவதில்லை. அதில் ஒருவர் அடுத்த தெரு க்ளினிக்குக்குப் போய்விட்டார் என்று தெரிந்தபோது மனம் விட்டுப்போனது. கடனுக்கு வாங்கிய மெஷின் வேறு இருக்கிறது. படித்ததை எப்படித்தான் நடைமுறைக்குக் கொண்டுவருவது? இல்லை, ஊரோடு ஒத்துப்போய்விடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்:

தம்பி, மெஷின் விஷயத்தை முதலில் பேசிவிடுவோம். கடனுக்கு வாங்கிய பொருள், தினமும் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. அதை விட்டுவிட்டு வேறு எதைச் சொன்னாலும் உங்கள் மனதில் ஏறாது.

நீங்கள் படித்தது சரிதான். அல்ட்ராசவுண்ட் பற்றி 2001-இல் ஒரு மதிப்பாய்வு வந்தது. 35 ஆய்வுகளை எடுத்துச் சலித்துப் பார்த்தார்கள். ஒழுங்கான முறையில் நடத்தப்பட்டவை என்று தேறியவை 10. அந்தப் பத்தில் எட்டு ஆய்வுகளில், நிஜமாக அல்ட்ராசவுண்ட் கொடுத்ததற்கும் போலியாகக் கொடுத்ததற்கும் வித்தியாசம் தெரியவில்லை. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2016-இல் இடுப்பு வலிக்கும் 2022-இல் மூட்டுத் தேய்மானத்துக்கும் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் அல்ட்ராசவுண்ட், ஐ.எஃப்.டி., டென்ஸ் (இதுவும் கரண்டு வைப்பதுதான்) மூன்றையும் கொடுக்க வேண்டாம் என்றே எழுதியிருக்கிறது. இடுப்பு வலிக்கு, இடுப்பை இழுத்து வைக்கும் ட்ராக்‌ஷனும் வேண்டாம், பெல்ட்டும் வேண்டாம் என்கிறது.

அப்படியானால் கரண்டு வைத்தால் குறைகிறது என்று இத்தனை பேர் சொல்வது பொய்யா? பொய் இல்லை. முட்டுவலியும் இடுப்பு வலியும் கடல் மாதிரி, ஏறும், இறங்கும். ஒருவர் வேலையை விட்டுவிட்டு, பஸ் ஏறி, நம்மிடம் வருவது அது உச்சத்தில் நிற்கும் நாளில். அதன் பிறகு பத்து நாள் என்ன செய்திருந்தாலும் கொஞ்சம் இறங்கியிருக்கும். அந்தப் பத்து நாளும் மாத்திரை சாப்பிட்டிருப்பார், சுமை தூக்காமல் இருந்திருப்பார், ஒரு மனிதர் தினமும் அக்கறையாக விசாரித்திருப்பார். எல்லாம் சேர்ந்து குறைந்ததன் பெருமை மெஷினுக்குப் போய்விடுகிறது. குறைந்தது நிஜம், எதனால் குறைந்தது என்பதில்தான் ஏமாந்துபோகிறோம். நோயாளி மட்டும் இல்லை, நாமும்தான். இதைப் பிரித்துப் பார்ப்பதற்காகத்தான் ஆய்வுகளில் ஒப்பீட்டுக் குழு வைக்கிறார்கள்.

ஆனால் எனக்கு மெஷின் மேல் கோபம் கிடையாது. அது எடுத்துக்கொள்ளும் நேரம்தான் என்னை உறுத்துகிறது. ஒத்தடம் 10 நிமிடம், ஐ.எஃப்.டி. 15 நிமிடம், அல்ட்ராசவுண்ட் 8 நிமிடம். ஒருவருக்கு நம்மால் 40 நிமிடம் கொடுக்க முடியும் என்றால் 33 நிமிடம் போய்விட்டது. மிச்சம் உள்ள ஏழு நிமிடத்தில் ஒரு பயிற்சித் தாளைக் கையில் கொடுத்து, “வீட்டில போய் செய்யுங்க” என்று அனுப்புகிறோம். அப்புறம், பயிற்சி கொடுத்தோம், பலன் இல்லை என்கிறோம்.

நான் நாகர்கோவிலில் இந்தத் தொழிலுக்கு வந்து 20 வருடத்துக்கு மேல் ஆகிறது. முதலில் வேலை பார்த்த இடத்தில் ஒரே ஒரு தாள்தான் இருந்தது. முட்டுக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து, தொடைத் தசையை இறுக்கி, பத்து எண்ணி விட வேண்டும், ஒரு நாளைக்கு இருபது தடவை. அந்தத் தாளின் ஜெராக்ஸைத்தான் முட்டுவலி என்று வந்த எல்லோருக்கும் கொடுத்தோம், 45 வயதுக்காரருக்கும் அதுதான், 78 வயதுப் பாட்டிக்கும் அதுதான். நானும் கொடுத்தேன்.

குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி அந்தத் தாளை வாங்கிக்கொண்டு போனார். ஒரு மாதம் கழித்து வந்தார். “டாக்டரே, நீங்க சொன்னத ஒரு நாள் விடாம செஞ்சேன், ஒரு குணமும் இல்ல” என்றார். அவர் சொன்னது உண்மை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அன்றுதான் அவருடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று முதல் முறையாக முழுதாகக் கேட்டேன். விடிவதற்கு முன்பே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறார். மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கி மரத்துக்கு மரம் நடக்கிறார். வெட்டு தாழ்வாக இருக்கும் மரத்தில் குந்தி உட்கார்ந்து வெட்டுகிறார். மறுபடி சிரட்டை சிரட்டையாகப் பாலை எடுத்து, நிறைந்த வாளியோடு சரிவில் இறங்குகிறார். இவ்வளவு வேலை செய்யும் காலுக்கு, கட்டிலில் படுத்துத் துண்டை அழுத்தும் பயிற்சி எந்த மூலைக்கு? அவருக்கு நான் கொடுத்தது பயிற்சி என்ற பெயரை மட்டும்தான்.

உங்கள் கேள்விக்கு நான் சொல்ல விரும்பும் பதிலும் இதில்தான் இருக்கிறது. நாம் ஆய்விலிருந்து சிகிச்சையின் பெயரை எடுத்துக்கொண்டு வருகிறோம், அளவை அங்கேயே விட்டுவிட்டு வருகிறோம். மாத்திரையில் யாராவது இப்படிச் செய்வார்களா? 500 மில்லிகிராம் என்று சோதித்துப் பார்த்த மருந்தில் 20 மில்லிகிராமைக் கொடுத்துவிட்டு, மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியுமா?

டென்மார்க்கில் 2013-இல் ‘க்ளாட்’ என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். முட்டுத் தேய்மானமும் இடுப்பு மூட்டுத் தேய்மானமும் உள்ளவர்களுக்கானது. வழிகாட்டுதல்களில் பயிற்சி, பயிற்சி என்று எழுதியிருந்தும் க்ளினிக்குகளில் அது நடக்காததைப் பார்த்துத்தான் தொடங்கினார்கள். பிசியோதெரபிஸ்டுகளுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். நோயாளிக்கு முதலில் நோயைப் பற்றிப் புரியவைக்கும் இரண்டு வகுப்புகள், அப்புறம் வாரம் இரண்டாக ஆறு வாரத்தில் 12 பயிற்சி வகுப்புகள். பயிற்சியாளர் கண்முன்னால்தான் செய்ய வேண்டும். பத்து முதல் பதினைந்து தடவை, இரண்டு மூன்று சுற்று. அது எளிதாகிவிட்டால் அடுத்த கடினமான படி. வலி பத்துக்கு ஐந்து வரை போனால் பரவாயில்லை, மறுநாளைக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும்; இறங்காவிட்டால் அடுத்த முறை அளவைக் குறைக்க வேண்டும். மூன்று மாதத்திலும் ஒரு வருடத்திலும் ஒவ்வொருவரையும் கணக்கெடுத்துப் பதிவு செய்தார்கள். இன்று பல நாடுகளில் அது நடக்கிறது. அதில் விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லை. நாற்காலி, படி, பாய், ரப்பர் பட்டை அவ்வளவுதான். கருங்கல்லில் இதில் எது கிடைக்காது?

அந்தப் பால்வெட்டுக்காரருக்கு நான் மறுபடி புதிதாகத் தொடங்கினேன். முதலில் தாழ்ந்த ஸ்டூலிலிருந்து கை ஊன்றாமல் எழும்பி, பைய இருப்பது. “பைய, பைய” என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், எழும்பும்போது மட்டும் இல்லை, பைய இறங்கும்போதும் தசைக்கு வேலை இருக்கிறது. இரண்டாவது வாரம் கையில் தண்ணீர் வாளியோடு. நான்காவது வாரம் படியில் பக்கவாட்டில் இறங்குவது, அவருடைய சரிவு மாதிரியே. வலி முழுதாகப் போகவில்லை. ஆனால் வாளியோடு சரிவில் இறங்கும்போது மரத்தைப் பிடித்துக்கொள்ளாமல் இறங்க முடிந்தது. அவர் என்னிடம் கேட்டுக்கொண்டு வந்ததும் அதைத்தான்.

வலி முழுதாகப் போகவில்லை என்று வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். பயிற்சியைப் பற்றியும் நாம் கூட்டிச் சொல்லக் கூடாது. முட்டுத் தேய்மானத்துக்கு உடற்பயிற்சி பற்றி, ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015-இல் வெளியிட்ட மதிப்பாய்வில், 44 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், நூற்றுக்கு 12 புள்ளி அளவு வலி குறைந்திருந்தது. சில மாதங்கள் போனதும் அது பாதியானது. 2024 கடைசியில் 139 ஆய்வுகளோடு அதைப் புதுப்பித்தபோது, பலன் உண்டு, ஆனால் நோயாளிக்கு உணர்ந்து தெரியும் அளவுக்கு இருக்கிறதா என்பது உறுதியில்லை என்று எழுதினார்கள். இதைப் படித்ததும் எனக்கும் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. ஆனால் அது ஆயிரக்கணக்கானவர்களின் சராசரி. அதில் நன்றாகத் தேறியவரும் இருப்பார், ஒன்றும் தேறாதவரும் இருப்பார், துண்டை அழுத்தியவரும் இருப்பார். உங்கள் முன்னால் இருப்பவர் அதில் யார் என்று எந்தக் கட்டுரையும் சொல்லாது. நீங்கள் அளந்து பார்த்தால்தான் தெரியும்.

அதனால் முதல் நாளே அளந்துவிடுங்கள். கை இல்லாத நாற்காலி, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை தடவை முழுதாக எழும்பி உட்காருகிறார் என்று எண்ணுங்கள். அதோடு அவருடைய சொந்தக் காரியம் ஒன்றைக் கேட்டு எழுதுங்கள். நம்ம ஊரில் அது கோவிலில் முட்டுக்குத்தி ஜெபிப்பதாக இருக்கும், தொழுகையாக இருக்கும், முந்திரி ஆலையில் நாள் முழுக்கத் தரையில் இருந்துவிட்டு எழும்புவதாக இருக்கும், வள்ளத்திலிருந்து இறங்கிக் கரையில் கால் வைப்பதாக இருக்கும். வெளிநாட்டு ஆய்வுகளில் மாடிப்படி ஏறுவதையும் நாற்காலியிலிருந்து எழுவதையும் அளக்கிறார்கள். தரையில் உட்கார்ந்து எழுவது நம்முடைய தேவை, அதை நாம்தான் சேர்க்க வேண்டும். 1996-இல் டேவிட் சாக்கெட்டும் அவரோடு இருந்தவர்களும் சான்று அடிப்படையிலான மருத்துவத்தை விளக்கி எழுதியபோதே, வெளியில் கிடைக்கும் நல்ல சான்றை மருத்துவருடைய அனுபவத்தோடு சேர்க்க வேண்டும், நோயாளியின் விருப்பத்தையும் நிலைமையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றுதான் சொன்னார்கள். நீங்கள் கட்டுரையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து நோயாளி முன்னால் நின்றிருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அக்காவாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

“இருந்து எழும்புறதுக்கு எதுக்கு ரூபா?” என்று கேட்டவர் நியாயமாகத்தான் கேட்டிருக்கிறார். சும்மா இருந்து எழும்பச் சொன்னால் அதற்கு ரூபாய் வேண்டாம்தான். கூட நின்று பார்த்து, இந்த வாரத்துக்கு இந்த உயரம், அடுத்த வாரத்துக்கு இந்தச் சுமை என்று மாற்றிக் கொடுப்பதற்குத்தான் ரூபாய். அது அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒரு அட்டையில் ‘முதல் நாள் 7’ என்று எழுதிக் கொடுங்கள். மூன்றாவது வாரம் அவரையே எண்ணச் சொல்லுங்கள். 10 வந்தால் அவரே வீட்டில் போய்ச் சொல்வார். ஏழிலேயே நின்றால் அதையும் மறைக்க வேண்டாம், அளவை மாற்றுங்கள், அல்லது வேறு என்ன பிரச்சினை என்று தேடுங்கள்.

மூன்றாம் நாள் வராமல் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ‘10 நாள்’ என்ற கணக்கு கரண்டுக்கு வந்த கணக்கு. இனயத்திலிருந்தோ திருவட்டாறிலிருந்தோ பத்து நாள் தொடர்ந்து வர ஒருவர் பத்து நாள் வேலையை விட வேண்டும், பஸ்ஸுக்குக் கொடுக்க வேண்டும். தசை பலப்பட அதற்குத் தேவையும் இல்லை. வாரம் இரண்டு நாள், ஆறு வாரம் என்று சொல்லிப் பாருங்கள். பன்னிரண்டு தடவைதான், ஆனால் வேலையை விட வேண்டாம். எங்கள் க்ளினிக்கில் வருகை நின்றுபோவது குறைந்ததற்கு இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். எந்த நாள் என்பதையும் தொழிலைப் பார்த்து வையுங்கள். பால்வெட்டுக்காரர்களுக்குப் பத்து மணிக்கு மேல். மழை பெய்து வெட்டு இல்லாத நாளில் அவர்களே வந்துவிடுவார்கள், அன்றைக்கு இடம் வைத்திருங்கள். விசைப்படகில் போகிறவர்களுக்கு மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம், 61 நாள். ஆறு வாரப் பயிற்சிக்கு இதைவிட நல்ல சமயம் வருடத்தில் கிடைக்காது. தோள்வலியோடு வருடம் முழுக்க வலை இழுத்தவர்கள் அந்த இரண்டு மாதத்தில் முழுதாக ஒரு சுற்று முடித்துவிட்டுக் கடலுக்குத் திரும்பலாம். மே மாதக் கடைசியிலேயே சொல்லி வைத்துவிடுங்கள். இப்படி ஒரு கால அட்டவணை எந்த ஆய்விலும் இல்லை. ஆனால் ஆய்வில் சொன்ன அளவு நம்ம ஊரில் ஒருவர் உடம்பில் போய்ச் சேர வேண்டும் என்றால் இந்த அட்டவணை இல்லாமல் முடியாது.

சரி, டாக்டர் சீட்டு. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு உங்கள் இஷ்டத்துக்குச் செய்தால் இரண்டு பக்கமும் நம்பிக்கை போகும். டாக்டர்களில் பலர் ‘ஐ.எஃப்.டி., அல்ட்ராசவுண்ட்’ என்று எழுதுவது பழக்கத்தில்தான். பிசியோதெரபி என்றால் அதுதான் என்று நாமே அவர்களுக்குக் காட்டியிருக்கிறோம். அரைப் பக்கத்தில் கடிதம் எழுதுங்கள். நோயாளியின் பிரச்சினை, முதல் நாள் எண்ணிக்கை, ஆறு வாரத்துக்கு என்ன திட்டம், எந்த வழிகாட்டுதல் அதைச் சொல்கிறது என்று ஒரு வரி. ஆறு வாரம் கழித்து இன்னொரு அரைப் பக்கம், கடைசி எண்ணிக்கையோடு. கட்டுரையை அச்செடுத்து அனுப்பாதீர்கள், யாருக்கும் பாடம் எடுத்த மாதிரி ஆகிவிடும். நான் இப்படி எழுதத் தொடங்கிய ஒரு மருத்துவரிடமிருந்து ஒரு வருடம் பதிலே இல்லை. அப்புறம் ஒரு நாள் சீட்டில் ‘பிசியோ, மதிப்பிட்டுச் செய்யவும்’ என்று வந்தது. அந்தச் சீட்டை எடுத்து வைத்திருக்கிறேன்.

உங்கள் மெஷினை இப்போதே விற்க வேண்டாம். தவணை இருக்கிறது, வீடு இருக்கிறது. முதல் இரண்டு மூன்று வருகையில், பயிற்சி முடிந்த பிறகு, கேட்கிறவருக்குப் பத்து நிமிடம் வையுங்கள். வழிகாட்டுதல் இதை ஆதரிக்கவில்லை, இது என் சொந்த முடிவு. பயிற்சிக்குள் ஒருவரைக் கொண்டுவரும் வாசலாக மட்டும் அதை வைத்திருக்கிறேன், நாலாவது வருகையில் நிறுத்திவிடுகிறேன். ஆனால் ஒன்றில் உறுதியாக இருங்கள். “உள்ள நீர் வத்துது, ஜவ்வு வளருது” என்று சொல்லாதீர்கள். “இது கொஞ்ச நேரம் வலியை மரத்துப்போக வைக்கலாம், முட்டைச் சரிசெய்யாது” என்று சொல்லிவிட்டு வையுங்கள். அப்படிச் சொல்லியும் எனக்கு யாரும் கோபித்துக்கொண்டு போனதில்லை.

வாய்ச்சொல் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆய்வை நடைமுறைக்குக் கொண்டுவருவதில் ஒரு பைசா செலவில்லாத பகுதி இது. இடுப்பு வலியோடு ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் எப்படிப் பயந்துபோய் வருகிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள். டிஸ்க் விலகிவிட்டது, எலும்பு தேய்ந்துவிட்டது, இனி குனியக் கூடாது என்று யாரோ சொல்லியிருப்பார்கள். 2015-இல் ஒரு மதிப்பாய்வு, வலியே இல்லாத 3110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்தது. 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது, 80 வயதில் 96 சதவீதம். டிஸ்க் வீங்கியிருப்பது 20 வயதில் 30 சதவீதம், 80 வயதில் 84 சதவீதம். வலி இல்லாதவர்களுக்கு! முடி நரைப்பது போல முதுகிலும் வயது தெரியும் என்று நான் சொல்வேன். காலில் பலம் குறைவது, மரத்துப்போவது, சிறுநீர் மலம் போவதில் மாற்றம் இவை இருந்தால் அது வேறு கதை, உடனே டாக்டரிடம் அனுப்ப வேண்டும். அப்படி எதுவும் இல்லாதவரிடம், “நடக்கலாம், வேலை செய்யலாம், படுத்தே கிடக்க வேண்டாம்” என்று சொல்வதே சிகிச்சைதான். 1995-இலேயே பின்லாந்தில் ஒரு ஆய்வில், திடீர் இடுப்பு வலி வந்தவர்களில் படுக்கையில் ஓய்வெடுத்தவர்களைவிட, முடிந்த அளவு அன்றாட வேலையைத் தொடர்ந்தவர்கள் சீக்கிரம் தேறினார்கள். 30 வருடம் ஆகிவிட்டது. இன்றும் நம் ஊரில் மூன்று வாரம் படுக்கச் சொல்லி அனுப்பப்பட்டவர்கள் என்னிடம் வருகிறார்கள்.

முட்டுவலிக்கு எடை குறைப்பதும் அப்படித்தான். “எடையைக் குறைங்க” என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை. 2005-இல் வந்த ஒரு ஆய்வின்படி ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் முட்டில் ஏறும் சுமை நாலு கிலோ அளவு குறைகிறது. இதைச் சொல்லிப் பாருங்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரை எத்தனை அடி என்று அவர்களே கணக்குப் போடத் தொடங்குவார்கள்.

வர்ம ஆசான்களிடம் எண்ணெய் போட்டுத் தடவிவிட்டு வருகிறவர்கள் உங்களிடமும் வருவார்கள். அவர்களைத் திட்டாதீர்கள். எலும்பு முறிவு சந்தேகம் இருந்தால் மட்டும் முதலில் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள், அதில் தயவு காட்ட வேண்டாம். மற்றபடி ஆசானிடம் போனவர் ஏன் திருப்தியாக வருகிறார் என்று யோசித்துப் பாருங்கள். ஆசான் அரை மணி நேரம் தொட்டுப் பார்க்கிறார், என்ன சாப்பிட்டாய், எங்கே விழுந்தாய் என்று கேட்கிறார். நாம் மெஷினை மாட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறோம்.

எப்படிப் படிப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நிறையப் படிப்பதால்தான் குழப்பம். சிட்னியிலிருந்து 1999 முதல் நடத்தப்படும் ‘பெட்ரோ’ என்ற இலவசத் தளம் பிசியோதெரபி ஆய்வுகளுக்கென்றே இருக்கிறது. ஒவ்வொரு ஆய்வுக்கும் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று தரம் போட்டிருப்பார்கள். அதற்குத் தமிழ்ப் பக்கமும் உண்டு. வாரத்துக்கு ஒரு மணி நேரம், ஒரே ஒரு கேள்வி, அந்த வாரம் உங்களைத் திணறவைத்த ஒரு நோயாளியைப் பற்றி. கட்டுரையின் முடிவுரையை மட்டும் படித்துவிட்டு மூடாதீர்கள். யாருக்குக் கொடுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள் என்று செய்முறைப் பகுதியில் தேடுங்கள். சும்மா காத்திருந்தவர்களோடு ஒப்பிட்டால் எதுவும் நல்லதாகத்தான் தெரியும்.

நமக்குப் பிடித்த விஷயத்துக்கு எதிராக ஆய்வு வரும்போதுதான் நிஜமான சோதனை. பக்கவாதம் வந்தவர்களுக்கு வீட்டாரே பயிற்சி கொடுக்கச் சொல்லித்தந்தால் போதும் என்று நான் ரொம்ப நாள் நம்பினேன். நம்ம ஊரில் எத்தனை பேரால் தினமும் பிசியோவுக்கு வர முடியும்? 2017-இல் இந்தியாவிலேயே 14 மருத்துவமனைகளில் 1250 பேரை வைத்து நடத்திய ‘அட்டெண்ட்’ ஆய்வின் முடிவு வந்தது. வீட்டாருக்குச் சொல்லித்தந்த குழுவிலும் வழக்கமான சிகிச்சைக் குழுவிலும் ஆறு மாதத்தில் இறந்தவர்கள் அல்லது பிறரைச் சார்ந்திருந்தவர்கள் ஒரே அளவுதான், 47 சதவீதம். இரண்டு நாள் எனக்கு அது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. அதன் பிறகும் வீட்டாருக்குச் சொல்லித்தருகிறேன், புரட்டிப் படுக்க வைப்பது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது, படுக்கைப் புண் வராமல் பார்ப்பது. அவர்களுக்கு அது வேண்டும். ஆனால், “நீங்களே செய்தால் போதும், நான் வர வேண்டாம்” என்று சொல்வதை விட்டுவிட்டேன்.

நீங்கள் தனியாகத் திணறுவதாக நினைக்க வேண்டாம். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் பார்த்தபோது, எலும்பு, தசை வலிகளுக்கு வழிகாட்டுதல் சொல்லும் சிகிச்சையைக் கொடுத்த பிசியோதெரபிஸ்டுகள் பாதியைச் சற்றே தாண்டினார்கள், 54 சதவீதம். ஆய்வில் தெரிந்தது நோயாளியிடம் வந்து சேர 17 வருடம் ஆகிறது என்று ஒரு கணக்கு மருத்துவ உலகில் அடிக்கடி சொல்லப்படும். நீங்கள் தொழிலுக்கு வந்து மூன்று வருடம்தான் ஆகிறது.

ஊரோடு ஒத்துப்போகலாமா என்று கேட்டீர்கள். ஊரோடு ஒத்துப்போங்கள், அவர்கள் நேரத்தோடு, தொழிலோடு, பேச்சோடு. மெஷினோடு ஒத்துப்போக வேண்டாம். எல்லா நோய்க்கும் ஒரே நாளில் மாற்ற நினைக்காதீர்கள். முட்டுவலியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இனி வரும் பத்து முட்டுவலிக்காரர்களுக்கு மேலே சொன்ன மாதிரி 12 வருகை, ஒரு அட்டை, ஒரு கடிதம். முட்டு சூடாகி வீங்கி, காய்ச்சலும் இருந்தால் அவரை இதில் சேர்க்காமல் டாக்டரிடம் அனுப்பிவிடுங்கள். பத்தில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் நடுவில் போனார்கள், எண்ணிக்கை எவ்வளவு மாறியது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். போனவர்களுக்குப் போன் போட்டு ஏன் என்று கேளுங்கள், அவர்கள் சொல்வதிலிருந்துதான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். இடுப்பு வலிக்கு என்ன செய்வது என்பதை அந்த நோட்டைப் பார்த்துவிட்டுப் பேசுவோம். நீங்கள் எழுதி அனுப்புங்கள், நான் என் நோட்டிலிருந்து எழுதுகிறேன்.

எண்ணும்போது ஒரே நாற்காலியை வைத்துக்கொள்ளுங்கள், இருக்கை தரையிலிருந்து 43 செ.மீ. உயரம். பிளாஸ்டிக் நாற்காலி என்றால் சுவரோடு சேர்த்துப் போடுங்கள், டைல்ஸ் தரையில் பின்னால் வழுக்கும்.